விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றினார்? ஓர் ஊரின் மத வரலாற்றை நடந்து வாசிக்கும் முறை

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் ஒரு குழல் விளக்கு எரிகிறது. அதன் மேல் சிவப்பு மையில் 'உபயம்' என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், அவர் இருக்கும் நாடு, யாருடைய நினைவாகக் கொடுத்தார் என்பதுவரை நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அதனால் வெளிச்சத்தில் பாதி கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பிள்ளையார் மங்கலாகத் தெரிகிறார். உபயகாரர் பளிச்சென்று தெரிகிறார்.

கம்பஸில் படிக்கும் என் அக்காவின் மகள் சென்ற வருடம் என்னிடம் வந்தாள். "மதங்கள் எப்படித் தோன்றுகின்றன, எப்படிப் பரவுகின்றன, மனிதர்களை எப்படி மாற்றுகின்றன என்று கட்டுரை எழுத வேண்டும் மாமா. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?"

"புத்தகம் பிறகு. நாளைக் காலை ஐந்தரைக்கு அந்தக் குழல் விளக்கின் கீழே வந்து நில் பிள்ளை" என்றேன். வந்தாள், அரைத் தூக்கத்தில்.

முப்பத்துமூன்று வருடங்கள் நில அளவையாளனாக இந்த மாவட்டம் முழுவதும் சங்கிலி இழுத்தவன் நான். வேதமும் திரிபிடகமும் எனக்குக் கரைகண்ட விஷயங்கள் அல்ல. ஆனால் ஒரு காணி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எல்லைக்கல் எப்போது நகர்ந்தது என்று கண்டுபிடிக்கத் தெரியும். மதத்தின் வரலாற்றையும் அப்படியே தேடலாம் என்பது என் கட்சி. கடவுளைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றினார் என்று கேட்டால் பெயர், ஊர், தொகை, காரணம் எல்லாம் வரும். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் ஊரை எப்படி நடந்து வாசிப்பது என்று அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். என் ஊர் திருகோணமலை. உதாரணங்கள் எல்லாம் இங்கிருந்துதான். உங்கள் ஊரில் வேறு கற்கள் இருக்கும்.

கையில் எடுக்க வேண்டியவை

ஒரு கொப்பி, பென்சில், தண்ணீர்ப் போத்தல், தலையை மூட ஒரு துணி, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு. செருப்பைத்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒரே நாளில் கோயில், விகாரை, பள்ளிவாசல் என்று ஏழெட்டு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். லேஸ் கட்டிய சப்பாத்தோடு வந்த என் மருமகள் மத்தியானத்துக்குள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள்.

கல்வெட்டைப் படம் எடுக்கக் கைத்தொலைபேசி போதும். நடுப்பகலில் மட்டும் எடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வெயில் சாய்ந்து விழும்போதுதான் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். எழுத்து தெரியவில்லை என்று கல்லின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசித் துலக்க வேண்டாம். அப்படிப் பூசிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவரைப் படித்தவர் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

கொப்பியில் நான்கு பத்திகள் கீறுங்கள். யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், யார் பொறுப்பில் விட்டார். 'எந்த மதம்' என்று ஐந்தாவது பத்தி வேண்டாமா என்று அவள் கேட்டாள். இப்போது போடாதே, வெல்கம் விகாரைக்குப் போனபின் நீயே சொல் என்றேன்.

முதலில் கட்டடத்தை மனதிலிருந்து கழற்றுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோபுரம் கடைசியாக வந்தது. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பாறை, ஓர் ஊற்று, ஓர் ஆற்று முகம், அல்லது ஒரு பெரிய மரம் மிஞ்சும்.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் இதைச் செய்து பார்ப்பது எளிது. கடலுக்குள் நீண்டு செங்குத்தாக விழும் பாறை. உள்ளே உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. கடலிலிருந்து வருபவன் கண்ணுக்குக் கோயில் இல்லாத காலத்திலும் அந்தப் பாறை தெரிந்திருக்கும். உயிரோடு கரை சேர்ந்துவிட்டோம் என்று அவன் அதைப் பார்த்துக் கையெடுத்திருப்பான். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று முடிக்கிறார். அந்தப் பதிகத்தில் அலை முத்தைக் கொண்டுவந்து கொழிக்கிறது, குடிகள் நெருங்கிப் பெருகியிருக்கின்றன. பாறை, கடல், சனக்கூட்டம் மூன்றும் அதில் இருக்கின்றன. அளவையாளனுக்கு அது பாட்டு மட்டுமல்ல, வரைபடமும்தான்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அடுத்ததாகப் போங்கள். ஏழு கிணறுகள், அடுத்தடுத்து இருந்தும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. மழை நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. இங்கே எரிமலை ஒன்றும் இல்லை. சைவர்கள் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய கிணறுகள் என்கிறார்கள். இன்றும் பெற்றவர்களுக்கான கிரியையை அங்கே செய்கிறார்கள். பௌத்த இடிபாடுகள் அருகிலேயே இருக்கின்றன. முஸ்லிம் பெரியார் ஒருவரின் அடக்கத்தலமும் பக்கத்து உயரத்தில் சொல்லப்படுகிறது. வெந்நீர் ஒன்றுதான், உரிமை சொல்பவர்கள் பலர்.

இங்கே கொப்பியில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன். வெந்நீரைக் கண்டு வியந்ததால் மட்டும் மதம் உண்டாகவில்லை. வியப்பு மத்தியானத்தோடு முடிந்துவிடும். செத்துப்போன தாய்க்காக வருடந்தோறும் அதே இடத்துக்கு வந்து, அதே நீரை அள்ளி, அதே சொற்களைச் சொல்லி, அதற்குப் பிள்ளைகளையும் கூட்டி வந்தபோதுதான் அந்த இடம் மதத்தின் இடமானது. எந்தத் தலத்துக்குப் போனாலும் 'இங்கே ஆண்டுதோறும் என்ன திரும்ப நடக்கிறது' என்று கேளுங்கள்.

மூதூருக்குத் தெற்கே வெருகல் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சடங்குகளில் முன்னோர் வருவார்கள், காட்டுத் தெய்வங்கள் வரும், கப்பலில் வந்த அந்நிய மாலுமிகளின் ஆவிகளும் வரும். கப்பல் பேய் என்று பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானிடவியலாளர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தோணியில் மீன் பிடிப்பவர்களின் கரையில் பெரிய பாய்மரக் கப்பல் வந்து நின்றால் பயம் வரத்தானே செய்யும். பயத்துக்கு ஒரு பெயர் வைத்துச் சோறு படைத்தால் கொஞ்சம் அடங்கும். தெய்வம் புதிதாகப் பிறப்பதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் உதாரணம் எனக்கு வேறு அகப்படவில்லை.

துறைமுகத்தில் இறங்கியவர்களைத் தேடுங்கள்

மதம் பரவியதற்குப் பாடப்புத்தகம் அரசனையும் துறவியையும் காட்டும். அசோகன், மகிந்தர் என்று மனனம் செய்திருப்போம். அது பொய்யில்லை. ஆனால் துறைமுக ஊரில் வியாபாரியை முதலில் தேடுங்கள்.

நகரத்திலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் போனால் திரியாய் வரும். அங்கே ஒரு குன்றின் மேல் கிரிஹண்டு சேய என்ற தூபியும் அதைச் சுற்றிக் கற்றூண் வட்டமும் இருக்கின்றன. பாறையில் ஒரு நீண்ட கல்வெட்டு. மொழி சமஸ்கிருதம். எழுத்து தென்னிந்தியாவின் கிரந்தம், 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டின் வடிவம். அதில் அவலோகிதேசுவரர், மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர்கள் வருகிறார்கள், ஆகவே பௌத்தத்தின் மகாயானப் பிரிவு. திரபுசகன், வல்லிகன் என்ற பெயர்களோடு வணிகர் கூட்டம் பேசப்படுகிறது. புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதலில் உணவளித்து, அவரது கேசத்தைப் பெற்றுக்கொண்ட இரண்டு வியாபாரிகளின் பெயர்கள் இவை. அந்தக் கேசம் இங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது தலக் கதை.

நடந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் கதை யாருக்கு உதவியது என்று கேளுங்கள். தெரியாத கரையில் இறங்கும் வியாபாரிக்கு மூன்று பொருள் வேண்டும்: சரக்கை வைக்கப் பாதுகாப்பான இடம், பேச்சு மாறாத மனிதர்கள், காற்று திரும்பும்வரை தங்கக் கூரை. பருவக் காற்று மாறுவதற்குள் மாதங்கள் போய்விடும். உன் கடவுளையே கும்பிடுகிறவன் அக்கரையிலும் இருந்தால் கடன் கொடுக்க மனம் வரும். முதல் அடியார்களே வியாபாரிகள் என்று சொல்லும் ஒரு தலம் கடலோரக் குன்றின் மேல் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இதே கண்ணோடு துறைமுகப் பக்கம் பாருங்கள். நிக்கல்சன் குடாப் பகுதியில் பழைய அரபு எழுத்துள்ள கல்லறைக் கற்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. போர்த்துக்கேயருக்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கடலில் அரபு வணிகம் ஓடியது. வாள் எடுத்து வந்தவன் கோட்டை கட்டுவான். கல்லறை விட்டுப் போனவன் பெரும்பாலும் இங்கே வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, கடையும் வைத்திருந்தவன்.

வெல்கம் விகாரையில் அரை நாள் இருங்கள்

அனுராதபுரம் போகும் வீதியிலிருந்து உள்ளே திரும்பி, பெரியகுளத்தின் பக்கமாகப் போக வேண்டும். எங்களூர்ப் பழைய ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். காட்டுக்குள் செங்கல் அடித்தளம், தூபிகள், நிற்கும் புத்தர் சிலை ஒன்று. ஆனையிருக்கும், தனியே போகாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் எல்லை அளக்கப் போனபோது ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்தேன். கூட வந்த முதியவர், "தம்பி, எழுத்துக்கு மேலே இருக்கிறீர்கள்" என்றார். எழுந்து பார்த்தால் தமிழ். பௌத்த விகாரையில் தமிழ்க் கல்வெட்டு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கணக்கு அந்தச் சோற்றுப் பொதியோடு அங்கேயே அவிழ்ந்துபோனது.

சோழர் ஆண்ட 11-ஆம் நூற்றாண்டில் இந்த விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசனின் பெயர் புத்தர் கோயிலுக்கு. கொடுத்தவர்கள் தமிழர்கள். கொடுத்தது விளக்கு, பசு, காசு. பசு எதற்கு என்று மருமகள் கேட்டாள். அங்கேதான் என் கேள்வி வேலை செய்கிறது. விளக்கைக் கொடுத்துவிட்டுப் போனால் நாளைக்கு யார் எரிப்பார்கள்? பசுவைக் கொடுத்தால் பால், பாலிலிருந்து நெய், நெய்யிலிருந்து வெளிச்சம். பசு கன்று போடும், மந்தை குறையாது. காசு கொடுத்தால் முதலைத் தொடாமல் வட்டியில் எரிக்க வேண்டும். கொடுத்தவன் செத்த பின்னும் விளக்கு எரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வங்கி இல்லாத காலத்து நிரந்தர வைப்பு அது. சாவுக்குப் பிறகு புண்ணியம் தொடரும் என்ற நம்பிக்கையும், மந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடையனின் பிழைப்பும், கணக்கைக் காக்கும் சபையின் அதிகாரமும் ஒரே நெய்த் திரியில் எரிந்தன.

பள்ளி என்ற சொல்லையும் அங்கேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். பௌத்தர், சமணர் தங்கிய இடம் பள்ளி. அவர்கள் அங்கே எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம் ஆனது. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். கிறிஸ்தவர்கள் வந்தபோது எங்கள் ஆட்கள் அவர்களுடைய ஆலயத்தை மாதா கோயில், வேதக் கோயில் என்றார்கள். புது மதம் வந்து இறங்கியதும் பழைய சொல் ஒன்று அதற்குப் பாய் போட்டுக் கொடுத்துவிடுகிறது. உங்கள் ஊரில் ஒவ்வொரு வழிபாட்டிடத்தையும் மக்கள் வாயில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெயர்ப் பலகையை நம்பாதீர்கள்.

ஐந்தாவது பத்தியைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை.

காணியைப் பின்தொடருங்கள்

என் தொழில் காணி என்பதால் இதில் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

நிலாவெளியில் கிடைத்த ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு கோணேசர் கோயிலின் அன்றாடச் செலவுக்கு 250 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது. வேலி என்பது சோழ நாட்டு அளவு. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேல். பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு நிலத்தைக் கோயிலுக்கு விட்டால் உழுபவன், நீர் பாய்ச்சுபவன், நெல் அளப்பவன், கணக்கெழுதுபவன் எல்லோரும் கோயிலின் ஆட்கள் ஆகிவிடுவார்கள். கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலில் கோயில் பணிக்குடிகளைத் தானத்தார், வரிப்பத்தார் என்று பிரித்து யார் யாருக்குக் கோயிலில் என்ன தொழும்பு என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. கோயிலைத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டன் வகுத்தது என்பது அதன் வாக்கு. நெல் குற்றுவது, பூ எடுப்பது, விளக்கேற்றுவது என்று வேலை பிரியப் பிரிய, ஒரு குடியின் தகுதி, அதன் கல்யாண வட்டம், ஊர்ச் சபையில் உட்காரும் இடம் எல்லாம் பிரிந்தன. மதம் சமூகத்தை உருவாக்கியது என்று பொதுவாக எழுதாதீர்கள் என்று அவளிடம் சொன்னேன். தம்பலகாமத்தில் ஒரு முதியவரிடம் போய், "உங்கள் குடும்பத்துக்குக் கோயிலில் என்ன உரிமை ஐயா?" என்று கேள். அவர் நிமிர்ந்து உட்காரும் விதத்தைப் பார்த்துக்கொண்டே எழுது.

கந்தளாய்ப் பக்கம் பாலமோட்டையில் கிடைத்த கல்வெட்டும் உண்டு. முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றிப் பொலன்னறுவையில் ஆண்ட காலம், 11-ஆம் நூற்றாண்டின் கடைசி. பௌத்த அரசன். அவன் பெயரில் கந்தளாயில் ஒரு சிவன் கோயில் இருந்தது, விஜயராஜ ஈஸ்வரம். நங்கைச்சானி என்ற பிராமணப் பெண் இறந்துபோன தன் கணவனுக்காக அந்தக் கோயிலுக்குக் கொடை கொடுத்து, அதைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினரிடம் விட்டாள். என் நான்கு பத்திகளும் நிறைந்த கல் இது. யார்: கைம்பெண். என்ன: கோயிலுக்குக் கொடை. எதற்கு: கணவனுக்காக. யார் பொறுப்பில்: ஆயுதம் வைத்திருப்பவர்கள். அரசர்கள் சண்டை போட்ட அந்த நூற்றாண்டைப் பற்றி இந்தப் பெண் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனது அதிகம்.

உடைந்த இடத்தை எப்படி வாசிப்பது

சுவாமிமலைக்குப் போகும் வழியில் இருக்கும் பிரட்ரிக் கோட்டை வாசலில் நின்று வலப்பக்கம் இடப்பக்கம் கற்களைப் பாருங்கள். மான்கள் கையிலிருப்பதைப் பிடுங்கும், கொப்பியை மேலே பிடியுங்கள். இரட்டைக் கயல் செதுக்கிய கல்லும், சிதைந்த தமிழ் வரிகளும் இருக்கின்றன. முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று ஊரார் சொல்லும் பாட்டின் துண்டு அது.

1622-இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தான். 1624-இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டைக்குக் குடியிருப்பாளர் மாறிக்கொண்டே இருந்தார்கள், கல் மாறவில்லை. இடித்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. கோயில் போனால் அதன் நிலம், அதன் ஆட்கள், அதன் திருநாள் எல்லாம் சிதறும் என்பது அந்தக் கணக்கு. அது பாதிதான் பலித்தது. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. சில சிலைகள் மண்ணுக்குள் போயின. 1950-இல் நகரில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் என்று செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் மூழ்கிக் கோயில் தூண்களைக் கண்டார்கள். 1963 மார்ச் 3 அன்று கும்பாபிஷேகம். எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் தோளில் இருந்தேன். கலசமெல்லாம் நினைவில்லை, அப்பாவின் கழுத்து வியர்வையில் என் கை வழுக்கியதும், அவர் அழுததும்தான் நினைவிருக்கிறது. அவர் கோயிலுக்கு அதிகம் போகாதவர்.

ஆகவே உடைந்த இடத்துக்குப் போனால் மூன்றைத் தேடுங்கள். கல் எங்கே போனது, சிலை எங்கே போனது, சனம் எங்கே போனது. மூன்றும் மூன்று திசையில் போயிருக்கும்.

பள்ளிக்கூடங்களுக்கு ஞாயிறு காலை போங்கள்

கிறிஸ்தவம் இங்கே கோட்டையோடு வந்தாலும் நிலைத்தது கரும்பலகையால். 1814-இல் மெதடிஸ்த மிசனரிமார் இலங்கைக்கு வந்தார்கள். கத்தோலிக்கருக்குத் திருகோணமலை மறைமாவட்டம் 1893-இல் உண்டானது. இயேசு சபையார் கல்லூரி நடத்தினார்கள். சைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி எழுந்தது, 1920-களில் இராமகிருஷ்ண மிஷன் அதைப் பொறுப்பேற்றது, விபுலானந்த அடிகள் அங்கே பணி செய்தார். தெற்கே 1880-இல் பௌத்தத்துக்கு ஆதரவாக அமெரிக்கரான கேணல் ஒல்கொட் வந்திறங்கியபின் பௌத்தப் பள்ளிகளும் அப்படியே.

போட்டியிட்டவர்கள் ஒருவரையொருவர் போலவே ஆனார்கள் என்பதைப் பார்க்க ஞாயிறு காலை எட்டு மணிக்கு நகரில் நில்லுங்கள். வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் ஒரு பக்கம் மறைக்கல்விக்கு, ஒரு பக்கம் அறநெறி வகுப்புக்கு, ஒரு பக்கம் பௌத்தர்களின் தஹம் பாடசாலைக்குப் போவார்கள். குர்ஆன் மத்ரசாவுக்கும் நேரம் குறித்த வகுப்பு உண்டு. கேள்வித்தாள், பரிசளிப்பு, சான்றிதழ் எல்லாம் ஒரே மாதிரி. என் பாட்டி காலத்தில் சைவத்தை யாரும் பரீட்சை வைத்துப் படிக்கவில்லை.

கடைசியாக வீட்டுக்குள் பாருங்கள்

கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தால், மகளுக்கு வீடு எங்கே கட்டுவது என்பதுதான் பெரிய பேச்சு. கிழக்கு மாகாணத் தமிழ் வீடுகளிலும் அதேதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுக்குப் போகும். மட்டக்களப்புப் பக்கம் தாய்வழிக் குடி இரண்டு சமூகத்திலும் இருக்கிறது. கலிமா சொல்லி முஸ்லிம் ஆனபின்னும் தாய்வழி விடவில்லை. இப்படி எத்தனையோ காணி உறுதிகளை அளந்திருக்கிறேன்; பெயர்கள்தான் வேறு, வரைபடம் ஒன்று. மதம் மனிதனை முழுவதும் மாற்றிவிடும் என்று எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது காணி உறுதி வாசிக்க வேண்டும். போர்த்துக்கேயர் வழிவந்த பாலையூற்றுப் பறங்கிச் சமூகத்தில் கத்தோலிக்கமும் போர்த்துக்கேய மொழியின் மிச்சமும் தச்சுத் தொழிலும் சேர்ந்து தங்கியிருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஒரு குழியைப் பற்றி

நடக்கும்போது எல்லோரும் உங்களிடம் கேட்பார்கள், "அப்போ முதலில் இருந்தது யார்?" அந்தக் கேள்விக்குள் விழாதீர்கள். 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட மகாசேனன் கோகர்ணத்தில், அதாவது இன்றைய திருகோணமலையில், தேவர் கோயிலை அகற்றி விகாரை கட்டினான் என்று பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் எழுதுகிறது. சம்பந்தர் காலத்தில் மலையில் சிவன். பிறகு பறங்கி. எந்த வருடத்தில் கதையைத் தொடங்குகிறாரோ அந்த வருடத்தை வைத்தே ஒருவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். 2005 மே மாதம் நகரச் சந்தைக்குப் பக்கத்தில் இரவோடு இரவாக ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. ஊர் கதவடைத்தது, முள்கம்பி வேலி வந்தது, ஆயுதக் காவல் வந்தது. புத்தர் பெருமானைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரவில் நடும் கல்லைப் பார்த்தால் அது எல்லைக்கல் என்று நில அளவையாளனுக்குத் தெரியும். எங்கள் பக்கத்திலும் சூலம் அப்படி நடப்பட்ட இடங்கள் உண்டு. அதையும் கொப்பியில் எழுத வேண்டும், கை வராவிட்டாலும்.

எழுதும்போது

வீட்டுக்கு வந்த அன்றே எழுதுங்கள். கேட்டது, கண்டது, கல்லில் இருந்தது மூன்றையும் மூன்று நிறத்தில் எழுதுங்கள், கலக்காதீர்கள். இராவணன் உண்டாக்கிய கிணறு கேட்டது. கயல் கண்டது. 250 வேலி கல்லில் இருந்தது. புத்தகத்தை இப்போது திறக்கலாம். கேள்வியோடு போகிறவருக்குத்தான் நூலகம் வழி விடும்.

நாங்கள் திரும்பிவந்தபோது மாலை ஆறரை. பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து ஐயர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மருமகள் குழல் விளக்கின் கீழே நின்று, காலையில் எழுதாமல் விட்ட வரியை நிரப்பினாள். யார்: கனடாவில் இருக்கும் மகன். என்ன: குழல் விளக்கு, நான்கடி. எதற்காக: அம்மாவின் நினைவாக. மேலே அதே பக்கத்தில் நங்கைச்சானியின் வரி இருந்தது. நான்காவது பத்திக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"யார் பொறுப்பில் மாமா? கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்?"

ஐயரைக் கேட்டோம். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "மூன்று மாதமாக நான்தான்" என்றார்.